பாலாற்று மணலுக்கு ஒரு ஊசி

ஒரு பொருள் சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்று அளக்க வீட்டிலேயே ஒரு ஊசி செய்தேன்; அது ஒருவழியாக அளக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீரில் கடல்பாசியைக் கரைத்து உறையவைத்து, அதற்குள் செருகிப் பார்த்தால் வெப்பக் கடத்துத்திறன் 0.60 வர வேண்டும். எனக்கு 0.64 வருகிறது. நேற்றும் 0.64, இன்றும் 0.64. எப்போதும் ஒரே அளவு தப்பு காட்டும் கருவியோடு குடித்தனம் நடத்தலாம்; வருகிற விடையை 0.94-ஆல் பெருக்கிக்கொண்டால் தீர்ந்தது. அப்புறம் கிளிசரினில் வைத்துச் சரிபார்த்தேன், 0.29 வந்தது. அதற்கு ஒப்புக்கொண்ட அளவு ஏறக்குறைய 0.285. என் வீட்டு மொட்டைமாடிக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

(கடத்துத்திறன் எண்கள் எல்லாமே ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற கணக்கில். இனி அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுகிறேன்.)

விஷயம் இதுதான். காட்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு மேல் 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம், அதன்மேல் பழைய சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடுக்கு), அதற்கும் மேல் தட்டு ஓடு. ஓடுகளின் இடுக்கில் செடி முளைத்துவிட்டது. கத்திரி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட சீலிங்கில் கை வைத்தால் சுடும். பிரித்துவிட்டு என்ன போடலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் வெள்ளைப் பெயிண்ட். பிளாக் விற்பவர் ஏஏசி (காற்றுக்குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் பிளாக்). தெருவில் ஒருவர் தெர்மாகோல் போட்டிருக்கிறார். எனக்கு ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல்மேல் ஒரு கண். மேஸ்திரி மட்டும் அசையவில்லை. “சார், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான் சார் நம்ம ஊருக்கு. நல்லா இடிச்சுக் கெட்டிப்படுத்தினா அம்பது வருசம் கிடக்கும்.”

விற்பவர்கள் எல்லாரிடமும் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்கள் காய்ந்த பொருளை ஆய்வகத்தில் வைத்து எடுத்தவை. என் மாடியிலோ ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழையும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் பெய்கின்றன. ஈரமான நிலையில் இந்தப் பொருட்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் ஊசி.

முறை பழையது. மெல்லிய கம்பி ஒன்றைப் பொருளுக்குள் செருகி, ஒரே சீரான மின்னோட்டம் கொடுத்துச் சூடாக்க வேண்டும். கம்பியின் வெப்பநிலை ஏறுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். நன்றாகக் கடத்தும் பொருள் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும், கம்பி மெதுவாக ஏறும். கடத்தாத பொருளில் சூடு கம்பியிலேயே தங்கி வேகமாக ஏறும். நேரத்தின் இயல் மடக்கையைக் கிடையச்சிலும் வெப்பநிலையைச் செங்குத்தச்சிலும் வைத்து வரைந்தால் நடுப்பகுதி நேர்கோடாக வரும். ஒரு மீட்டர் ஊசிக்கு இத்தனை வாட் என்ற கணக்கை 4π-யாலும் அந்தக் கோட்டின் சரிவாலும் வகுத்தால் கடத்துத்திறன். தியரி இவ்வளவு போதும்.

ஊசிக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை, வேலூரில் மருந்துக்கடைக்கா பஞ்சம். முதுகுத்தண்டில் போடும் 18 கேஜ் ஊசி: நீளம் சுமார் 9 சென்டிமீட்டர், வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர், உள்ளே 0.8-க்குக் கொஞ்சம் மேல். விட்டத்தைப்போல எழுபது மடங்கு நீளம், அதனால் முனைகள் வழியாகக் கசியும் சூடு பெரிய தொல்லையாக இருக்காது. கடைப்பையன் சீட்டைக் கேட்டான். மணலுக்கு என்றேன். முதலாளியைக் கூப்பிட்டான். அவரிடம் விளக்கி வாங்குவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

உள்ளே இரண்டு கம்பிகள் போக வேண்டும். ஒன்று சூடாக்க, இன்னொன்று அளக்க. காலேஜ் பிசிக்ஸ் லேபில் மீட்டர் பிரிட்ஜ் செய்தவர்களுக்கு யுரேகா கம்பி ஞாபகமிருக்கும். செம்பும் நிக்கலும் கலந்த கான்ஸ்டன்டன்தான் அது. எனாமல் பூசிய எஸ்டபிள்யூஜி 42 யுரேகா, விட்டம் 0.1 மில்லிமீட்டர். ஹேர்பின் மாதிரி மடித்து 9 சென்டிமீட்டர் போய்த் திரும்பினால் மொத்தம் 18 சென்டிமீட்டர், ஏறக்குறைய 11 ஓம். யுரேகாவின் தடை சூட்டில் மாறுவதில்லை. கொடுக்கும் வாட் அப்படியே இருக்கும் என்பதால்தான் நிக்ரோமை விட்டு இதை எடுத்தேன். அளப்பதற்கும் அதே யுரேகா, கூடவே அதே தடிமனில் எனாமல் செப்புக் கம்பி. இரண்டின் நுனியையும் பிளேடால் சுரண்டி, முறுக்கி, கடுகில் பாதி அளவுகூட இல்லாமல் ஈயம் வைத்தால் தெர்மோகப்பிள் தயார்; இரண்டு சந்திப்புகளின் சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்ப அது சின்ன மின்னழுத்தம் தரும். பற்றவைத்த இடம் ஊசியின் நடுவில், முனையிலிருந்து நாலரை சென்டிமீட்டரில் உட்கார வேண்டும்.

கம்பிகளை முனைப் பக்கமாக விட்டுத் தலைப் பக்கமாக இழுத்தேன். முதல் ஊசி அங்கேயே போனது. சாய்வாக வெட்டிய முனையின் விளிம்பு சவரப் பிளேடு மாதிரி. இழுக்கும்போதே எனாமலைச் சீவிவிட்டது. வெளியே எதுவும் தெரியாது. மின்னோட்டம் போட்ட கணத்தில் அளவு சட்டென்று குதித்தது. சூடு அப்படிக் குதிக்காது, ஏறத்தான் செய்யும். ஹீட்டரின் இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுத்ததும் குதிப்பு எதிர்ப்பக்கம் போனது. மின்கசிவுதான் என்று அதில் உறுதியானது.

அடுத்த ஊசியின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து மட்டமாக்கி, உள்விளிம்பைத் தையல் ஊசியால் சுழற்றிப் பிசிறு எடுத்தபிறகே கம்பியை விட்டேன். ஹீட்டருக்கும் தெர்மோகப்பிளுக்கும் நடுவில், ஹீட்டருக்கும் ஊசி உடம்புக்கும் நடுவில் மல்டிமீட்டரை 20 மெகாஓமில் வைத்துப் பார்த்து, இரண்டும் திறந்த சுற்று என்று தெரிந்தபிறகு பிசின். மெதுவாக இறுகும் அரால்டைட்டை வெந்நீரில் வைத்து இளக்கி, ஊசியை முனை மேலாக நிறுத்தி, ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தலைப் பக்கம் பிசின் எட்டிப் பார்க்கும்வரை பொறுமை வேண்டும். சீக்கிரம் இறுகும் பிசின் வாங்கினால் பாதி வழியிலேயே கல்லாகிவிடும்.

மின்னோட்டத்துக்கு எல்எம்317 என்ற ரெகுலேட்டர் சிப். அதை மாறா மின்னோட்டச் சுற்றாகக் கட்டினால் 1.25 வோல்ட்டைத் தடையால் வகுத்த ஆம்பியர் வரும். 12 ஓம் வைத்து 0.104 ஆம்பியர், 3.9 ஓம் வைத்து 0.32 ஆம்பியர், நடுவில் ஒரு சுவிட்ச். சின்னதில் மீட்டருக்கு 1.3 வாட், பெரியதில் 12.4 வாட். கடத்தாத பொருளுக்குச் சின்னது, ஈரமானதற்குப் பெரியது. 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். மின்வெட்டு ஒரு காரணம், அடாப்டரின் இரைச்சல் இன்னொன்று.

வெப்பநிலையைப் படிக்க முதலில் வாங்கியது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தெர்மோகப்பிள் போர்டு. அது கால் டிகிரிக்குக் கால் டிகிரி தாவும். என் ஊசி மொத்தமே ஒன்றரை, இரண்டு டிகிரிதான் ஏறுகிறது, வரைபடம் மாடிப்படியாக வந்தது. அதில் சரிவு பார்ப்பது யார் கோடு போடுகிறார்களோ அவர்கள் இஷ்டம். சூட்டைக் கூட்டினால் படிகள் மறையும், ஆனால் ஈரப் பொருளில் சூடு அதிகமானால் ஊசியைச் சுற்றியிருக்கும் தண்ணீர் நகர்ந்துவிடும். அளக்க வந்த ஈரத்தை நாமே விரட்டினதாகும்.

தீர்வு தராசுக் கடையிலிருந்து வந்தது. காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசில் எடையை உணரும் லோடுசெல்லைப் படிக்கும் எச்எக்ஸ்711 என்ற சிப், 24 பிட். லோடுசெல் தருவதும் மில்லிவோல்ட், தெர்மோகப்பிள் தருவது மைக்ரோவோல்ட், இரண்டும் ஒரே சாதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இதன் இன்புட் தரைமட்டத்தில் இருந்தால் வேலை செய்யாது. இரண்டு 10 கிலோஓம் தடைகளை மின்னழுத்தத்துக்கு நடுவே போட்டு, அந்த நடுப்புள்ளியில் தெர்மோகப்பிளின் ஒரு காலைக் கட்டினேன். பிறகு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 20,000 எண்ணிக்கை கிடைத்தது. டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குவரை தெளிவாகத் தெரிகிறது. மாடிப்படி போய்ச் சறுக்குமரம் வந்தது.

தெர்மோகப்பிளின் இன்னொரு சந்திப்பு நிலையான வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்க்கில் அறைச் சூட்டுத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் சந்திப்பை விட்டு அதில் முக்கிவைத்தேன். எனக்கு வேண்டியது ஏற்றம் மட்டும்தான், அதனால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று தெரிய வேண்டியதில்லை. அளக்கிற ஐந்து நிமிடம் மாறாமல் இருந்தால் சரி.

ஒரு டிகிரிக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிக்க நல்ல தெர்மாமீட்டர் வேண்டுமே? வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறது. 32-லிருந்து 42 டிகிரிவரை பத்தில் ஒரு பங்கு நம்பலாம். ஒரு பிளாஸ்க்கில் 33 டிகிரித் தண்ணீர், இன்னொன்றில் 41. இரண்டிலும் ஒவ்வொரு சந்திப்பு. அவ்வளவுதான்.

அளவுக்கு முன்னோட்டமாகக் கிளிசரினில்தான் முதலில் வைத்தேன். நாற்பது, ஐம்பது விநாடிவரை கோடு நேராகப் போய், பிறகு வளைந்து படுத்தது. ஊசியைச் சுற்றிச் சூடான கிளிசரின் மேலே கிளம்பி ஓட ஆரம்பித்ததால் வந்த வளைவு. கடத்தலை அளக்கும் இடத்தில் சலனம் புகுந்துவிட்டது. தண்ணீரில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கடல்பாசி: லிட்டருக்கு 5 கிராம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும், கடத்துத்திறன் தண்ணீருடையதுதான். கடைசிவரை நேர்கோடு. கிளிசரினுக்கு முதல் நாற்பது விநாடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இனி மாதிரிகள்.

பாலாற்று மணல் வீட்டில் பழைய கட்டட வேலையில் மிஞ்சியது ஒரு மூட்டை இருந்தது. கழுவி, மாடியில் உலர்த்தி, பிறகு ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, பால்பவுடர் டப்பாவில் போட்டேன். டப்பா விட்டம் 10 சென்டிமீட்டர். சூடு சுவரைத் தொட்டுவிட்டால் கோடு வளையும், அதனால் குறுகலான டப்பா உதவாது. கொட்டியபடியே அளந்தால் 0.24, டப்பாவைத் தரையில் தட்டித் தட்டி இறக்கி அளந்தால் 0.29. தட்டியதில் மணல் ஒரு விரல்கூட இறங்கவில்லை. துளையுள்ள பொருளுக்கு ஒற்றை எண் கிடையாது, எவ்வளவு நெருக்கம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் எடையும் உயரமும் குறித்துவைக்கிறேன்.

பிறகு எடையில் நூற்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டுக் கலந்து, பிளாஸ்டிக் பையால் மூடி ராத்திரி முழுதும் விட்டேன். காலையில் 0.9. முழுதும் நனைந்து மேலே தண்ணீர் நிற்கும்போது 1.9.

இந்த எண்ணை நான் சும்மா விடவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தேன். தண்ணீரின் கடத்துத்திறனே 0.60-தான். இடைவெளியில் இருந்த காற்றை எடுத்துவிட்டு 0.60 பொருளை நிரப்பினால் மொத்தம் எப்படி 1.9 வரும்? மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது நல்ல கடத்தி. காய்ந்த மணலில் பருக்கையும் பருக்கையும் தொடுவது ஊசிமுனை அளவு; மற்ற இடமெல்லாம் காற்று, அதற்கு 0.026. கொஞ்சம் தண்ணீர் விட்டதும் அது முதலில் போய் உட்காருவது அந்தத் தொடுமிடங்களைச் சுற்றித்தான். பருக்கைகளுக்கு நடுவே பாலம் விழுந்துவிடுகிறது, குவார்ட்ஸ் தன் வேலையைக் காட்டுகிறது. நூற்றுக்கு ஐந்து ஈரத்திலேயே மூன்று மடங்கு ஆனதற்கு அதுதான் காரணம். முதல் சில துளிகள்தான் பெரிய அடி கொடுக்கின்றன. ஊறிக் கிடந்தால்தானே கெடுதல், லேசான ஈரம் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மாடியிலிருந்து பெயர்த்த சுருக்கித் துண்டுக்கு வருகிறேன். அடைமழை முடிந்த கையோடு எடுத்தது. பார்வைக்குக் காய்ந்த துண்டுதான். எடை 2.31 கிலோ. ஓவனில் உலர்ந்தபின் 2.02. ஓட்டுக்கு அடியில் இவ்வளவு தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது.

கெட்டியான பொருளில் ஊசி இறங்காது. 4 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட்டால் துளை போட்டு, கம்ப்யூட்டர் பிராசசரில் தடவும் வெள்ளைப் பசையை அடைத்து, அதில் ஊசியைச் செருகினேன். பசை அடுக்கு முதல் சில விநாடிகளை மட்டும் குழப்பும், பின்னால் வரும் சரிவை ஒன்றும் செய்யாது. துளை நேராகப் போகவில்லை, சுண்ணாம்பு இருந்த இடத்தில் பிட் வழுக்கி ஜல்லியில் திரும்பிவிட்டது. செங்கல் ஜல்லி ஒன்று இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் ஊசி எந்த ஜல்லியின் பக்கத்தில் போகிறது என்பதைப் பொறுத்தும் எண் மாறும். நாலு துளை போட்டுச் சராசரி எடுத்தேன்: ஈரத்தில் 0.94, உலர்ந்தபின் 0.52.

75 மில்லிமீட்டர் கனத்துக்குக் கணக்குப் போட்டால், உலர்ந்த சுருக்கி கொடுக்கும் வெப்பத்தடை (மீட்டரில் கனத்தைக் கடத்துத்திறனால் வகுத்தது) 0.144, ஈரச் சுருக்கி 0.080. கீழே இருக்கும் வெறும் கான்கிரீட் தளமே 0.075 கொடுக்கிறது. மேஸ்திரி சொன்ன சுருக்கி நல்லதுதான், அது உலர்ந்திருந்தால். ஓட்டு இடுக்கில் செடி முளைத்த வீட்டில் அது பாதி வேலைதான் செய்கிறது. (பகலில் தளம் வாங்கிவைத்த சூட்டை ராத்திரி இறக்கிக் கொடுப்பது தனிக் கதை. அது இந்த எண்ணில் வராது, அதற்குப் பொருளின் எடையையும் வெப்பக் கொள்ளளவையும் சேர்க்க வேண்டும்.)

ஏஏசி பிளாக்கில் துளை வெண்ணெயில் போவதுபோலப் போனது. உலர்ந்து 0.16. வாளியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு எடுத்தால் 0.41. தேங்காய் நார்க் கழிவு உலர்ந்து 0.06. நனைத்ததை அளந்து பிரயோசனமில்லை, தண்ணீரைக் குடித்துக் களியாகிவிடுகிறது. உமிச் சாம்பல் 0.065. எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி, ஐந்து சென்டிமீட்டர் போட்டாலே பழைய சுருக்கியைப்போல ஐந்து மடங்குக்கு மேல் தடை. மேஸ்திரியிடம் சொன்னேன். “சாம்பலைக் கொட்டி மேல எதை சார் நிறுத்துவீங்க? ஆள் நடந்தா அமுங்கும், ஒரு ஓடு விட்டுச்சுன்னா உள்ள சேறு.” அவரோடு அந்த விஷயத்தில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

தெர்மாகோலில் ஊசி தோற்றது. கடத்துத்திறன் 0.037 அளவில் வர வேண்டும், எனக்கு 0.05-க்கு மேல் வந்தது. அவ்வளவு லேசான பொருளுக்கு எஃகு ஊசியே பெரிய சூட்டுப் பாத்திரம். சூடு தெர்மாகோலுக்குள் போவதைவிட ஊசி வழியாகவே தலைப் பக்கம் ஓடிவிடுகிறது. அதுபோக, தெர்மாகோலில் சூடு பரவும் தூரம் மணலைவிட அதிகம். கடத்துத்திறன் குறைவுதான், ஆனால் சூடாக்க அதில் பொருளே இல்லை. ஐந்து நிமிடத்தில் நாலு சென்டிமீட்டர் போய்விடும். பெரிய கட்டியாக எடுத்துப் பார்த்தும் எண் இறங்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். அளக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. மாதிரியும் பிளாஸ்க்கும் ராத்திரி முழுதும் ஒரே அறையில் கிடந்திருக்க வேண்டும். பகலில் எடுத்தவை எல்லாமே சாய்ந்தன, அறையே மணிக்கு ஒரு டிகிரி ஏறிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூன்றரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எடுத்தவைதான் இங்கே இருக்கும் எண்கள்.

வெள்ளைப் பெயிண்ட் பாக்கி. கடையில் “இது இன்சுலேஷன் சார், சூடே இறங்காது” என்றார்கள். பூச்சின் கனம் மூன்று கோட் அடித்தும் 0.3 மில்லிமீட்டர். 1.27 மில்லிமீட்டர் ஊசியை 0.3 மில்லிமீட்டர் படலத்துக்குள் எப்படிச் செருகுவது? ஊசி இங்கே ஆகாது.

இயற்பியல் படித்தவர்களுக்கு, மெல்லிய தாளின் கடத்துத்திறனை அளக்கும் லீ வட்டு தெரியும். 1898-ல் சார்லஸ் லீஸ் செய்தது, நம் காலேஜ் லேப்களில் இன்றும் இருக்கிறது: மேலே நீராவிப் பெட்டி, கீழே மூன்று கயிற்றில் தொங்கும் பித்தளை வட்டு, நடுவே மாதிரி. லேப் சாமான் கழித்துப் போட்ட இடத்தில் ஒன்று கிடைத்தது. வட்டு 11 சென்டிமீட்டர், 810 கிராம். பெயிண்டைப் பாலித்தீன் விரிப்பில் ஊற்றிப் பரப்பிக் காயவைத்து உரித்தால் ரப்பர் தாள் மாதிரி வருகிறது. கனத்தைத் திருகு அளவியால் பார்க்கலாம், ஆனால் ராட்செட்டைக் கொண்டு மட்டுமே திருக வேண்டும், கையால் இறுக்கினால் படலம் அமுங்கிக் குறைவாகக் காட்டும்.

பாதரசத் தெர்மாமீட்டர் இரண்டை வைத்தால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் இரண்டு டிகிரிதான், அதைக் கண்ணால் படிக்க முடியாது. ஊசிக்குக் கட்டிய தெர்மோகப்பிளும் தராசுச் சிப்பும் இங்கே கைகொடுத்தன: ஒரு சந்திப்பு மேல் தகட்டில், இன்னொன்று கீழ் வட்டில், நேரடியாக வித்தியாசம். 0.3 மில்லிமீட்டர் தாளுக்கு 2.3 டிகிரி. வட்டு ஆறும் வேகத்திலிருந்து வந்த வாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் கடத்துத்திறன் 0.11. அடடா, கடைக்காரர் சொன்னது உண்மையோ என்று ஒரு நிமிடம் தோன்றியது.

நாலு தாள்களை அடுக்கிப் பார்த்தேன், அதிலும் 0.12-தான். அடுக்கியதில் ஒரு பிரச்சினை, தாளுக்கும் தாளுக்கும் நடுவில் காற்றும் அடுக்கப்பட்டிருக்கிறது. தட்டுக்கும் தாளுக்கும் நடுவே முடி அளவுக்கும் குறைந்த காற்று இடைவெளி இருந்தால்கூட அது அந்த மெல்லிய படலத்துக்கு இணையான தடை. ஆகவே அடுக்காமல், ஒரே வார்ப்பாக 0.3, 0.6, 1.2 மில்லிமீட்டர் என்று மூன்று கனத்தில் ஊற்றினேன். தொடுமிடத்துத் தடை மூன்றுக்கும் பொது. கனத்தால் கூடுவது பெயிண்டின் சொந்தத் தடை. வித்தியாசங்கள் 2.3, 3.5, 6.0 டிகிரி. கனத்துக்கு எதிராகத் தடையை வரைந்தால் நேர்கோடு, அதன் சரிவிலிருந்து 0.20. கோடு செங்குத்தச்சை வெட்டும் இடம்தான் தொடுமிடத் தடை, 0.3 மில்லிமீட்டர் தாளின் தடைக்கு ஏறக்குறைய சமம். முதலில் வந்த 0.11-ல் பாதி பெயிண்ட், பாதி காற்று.

0.20 கடத்துத்திறனுள்ள 0.3 மில்லிமீட்டர் படலம் கொடுக்கும் தடை 0.0015. கான்கிரீட் தளத்தில் இரண்டரை மில்லிமீட்டரும் அதே தடையைக் கொடுக்கும். சூட்டைத் தடுப்பதில் அந்தப் பெயிண்டுக்குப் பங்கே இல்லை. அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை. வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அது பெரிய வேலை, சுண்ணாம்பு அடித்த மாடியில் நடந்தவர்களுக்குத் தெரியும். கூடவே தண்ணீர் இறங்காமல் தடுக்கிறது; சுருக்கி எண்களைப் பார்த்தபின் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அழுக்கைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட மெல்லிய, மைக்ரான் கணக்குப் படலங்களுக்கு இந்த வட்டு எட்டாது. அங்கே படலத்தின் மேலேயே உலோகக் கோடு ஒன்றைப் படியவைத்து, மாறுமின்னோட்டத்தால் சூடாக்கி, அதன் அதிர்வெண்ணைப்போல மூன்று மடங்கில் வரும் மின்னழுத்தத்தைப் படிக்கிறார்கள். டேவிட் கேஹில் 1990-ல் கொண்டுவந்த மூன்று ஒமேகா முறை அது. நம் சமையலறையில் ஆகிற வேலையில்லை.

வட்டு கையில் இருந்ததால் ஆம்பூரிலிருந்து உறவினர் கொடுத்த லைனிங் தோல் ஒன்றையும் வைத்தேன். காய்ந்ததற்கு 0.15. ஈரத்தில் எவ்வளவு என்று நனைத்து நீராவிப் பெட்டிக்கு அடியில் வைத்ததும், தோல் அப்பளம் பொரிவதுபோலச் சுருண்டு கெட்டியாகிவிட்டது. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரியைச் சுற்றிச் சுருங்கும். குரோம் தோல்தான் கொதிநீரைத் தாங்கும். இனி ஈரத் தோலுக்கு நீராவி கிடையாது, 50 டிகிரி வெந்நீர்தான்.

செலவு: ஊசிகள், கெட்டுப்போனவை சேர்த்து, 400 ரூபாய்க்குள். தராசுச் சிப் போர்டு 90. அந்தச் சிப்பைப் படிக்கும் சின்னக் கணினிப் பலகை, ஆர்டுயினோ நானோ நகல், 280. எல்எம்317, தடைகள், சுவிட்ச், ஒயர் 150. கிளிசரின், கடல்பாசி, பசை, பிசின் எல்லாம் சேர்த்து 500-ஐ ஒட்டி. யுரேகா கம்பியைச் சில்லறையாகத் தரமாட்டார்கள், ஒரு சுருள் முழுதாக வாங்க வேண்டும். எனக்கு 600 ஆனது, இன்னும் ஐந்நூறு ஊசி செய்யலாம். லீ வட்டு பழைய பித்தளை விலைக்கு, எடை போட்டு. வீணாகப் போனது அந்தக் கால் டிகிரி போர்டு மட்டும்தான், அதை இப்போது அடுப்படி ஓவனில் மாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஊசியில் இரண்டு மாற்றம். தெர்மாகோலுக்கு எஃகுக் குழாயே வேண்டாம், வெறும் யுரேகா கம்பியை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு கட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டப்போகிறேன். கெட்டிப் பொருளுக்குத் துளை போடுவதை விட்டுவிட்டு, இரண்டு பாதியாக அறுத்து நடுவில் பள்ளம் தேய்த்துப் படுக்கவைப்பதாக எண்ணம். ஏஏசிக்கு ரம்பமே போதும், சுருக்கிக்கு டைல்ஸ் வெட்டும் மெஷினை மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன்.

மாடிக்கு 75 மில்லிமீட்டர் ஏஏசி, அதன்மேல் கம்பிவலையோடு சிமெண்ட் பூச்சு, மேலே அந்த வெள்ளைப் பெயிண்ட் என்று முடிவாகியிருக்கிறது. பொங்கல் கழித்து ஆரம்பிக்கிறோம். பிளாக் வந்து இறங்கியதும் இரண்டு மூன்றை எடைபோட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அடுக்கிவைத்து வெயிலில் காயவிட்டுத்தான் பதிக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். “பிளாக்கைத் தண்ணில நனைச்சு வெக்கிறதுதான் சார் வழக்கம்” என்கிறார். மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதும் என்பதுவரை இறங்கி வந்திருக்கிறார். ஒரு பிளாக்கில் மட்டும், பதிப்பதற்கு முன்பே துளை போட்டு ஊசியைப் பசையோடு உள்ளேயே விட்டு, ஒயரை ஜன்னல் வழியாக அறைக்குள் இறக்கிவிடுவதாக இருக்கிறேன். ஐப்பசி மழையில் என்ன எண் காட்டுகிறது என்று பார்க்கலாம்.